ஆல்பட்ராஸ் எங்கே போய் இரை தேடுகிறது: தடத்தரவை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் மேல் கருவி கட்டி எடுத்த தடத்தரவை, அதாவது அது எப்போது எங்கே இருந்தது என்ற பதிவை, முதல் தடவை இறக்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கிடைத்த புள்ளிகள் அத்தனையையும் ஒரே வரைபடத்தில் கொட்டிவிடுவார்கள். அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலில் பாதி நிறம் மாறிவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் அதிலிருந்து உருப்படியாக ஒன்றும் சொல்ல முடியாது. ஜனவரியில் முட்டையை விட்டுக் கிளம்பும் பறவையும், ஏப்ரலில் குஞ்சை விட்டுக் கிளம்பும் பறவையும் ஒரே பறவையாக இருந்தாலும், அவை போகிற கடல் வேறு வேறு. ஆகவே எங்கே போகிறது என்று கேட்பதற்கு முன்னால், இனப்பெருக்கத்தின் எந்தக் கட்டத்தில் போகிறது என்று கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு பிடிவாதத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

வாண்டரிங் ஆல்பட்ராஸை எடுத்துக்கொள்வோம், அதுவும் தெற்கு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் குரோசே தீவுகளில் கூடு கட்டுவதை. அதைப் பற்றித்தான் மிக நீண்ட காலமாகத் தரவு சேர்ந்திருக்கிறது. செயற்கைக்கோள் கருவி கட்டிக் கடற்பறவையின் தடம் எடுத்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று நடந்ததும் அங்கேதான், 1989-ல். பிரெஞ்சு ஆய்வாளர்கள் பியர் ஜுவென்டனும் ஆன்றி வைமர்ஸ்கிர்ச்சும் 1990-ல் வெளியிட்ட அந்த முடிவில், துணை அடைகாத்துக்கொண்டிருக்கும்போது கடலுக்குப் போன பறவை ஒரே பயணத்தில் 3,600 முதல் 15,000 கி.மீ. வரை சுற்றிவிட்டு வந்தது தெரிந்தது. அதுவரை கப்பல் தளத்தில் நின்று பறவை எண்ணியவர்களுக்கு, தாங்கள் பார்த்த பறவை எந்தத் தீவைச் சேர்ந்தது என்றுகூடத் தெரியாது.

முதலில் பறவையின் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் ஒரே ஒரு முட்டை. ஏறத்தாழ 78 நாள் அடைகாத்தல், ஆணும் பெண்ணும் மாறி மாறி. இந்தக் கட்டத்தில் முட்டைக்குச் சாப்பாடு தேவையில்லை, உட்கார்ந்திருக்கும் துணை பட்டினியைத் தாங்கும் வரை மற்றதற்கு அவசரமில்லை, அதனால் பயணம் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நீளும். மார்ச்சில் குஞ்சு பொரிக்கும். அடுத்த ஒரு மாதம் இருவரில் ஒருவர் எப்போதும் குஞ்சோடு இருக்க வேண்டும், இதுதான் காவல் காலம். குஞ்சுக்கோ அடிக்கடி உணவு வேண்டும், அதனால் பெற்றோர் இருவரும் முளையில் கட்டிய மாடு மாதிரி ஆகிவிடுகிறார்கள், இரண்டு மூன்று நாளில் திரும்பியாக வேண்டும். இந்தக் காலத்தில் அவை பெரும்பாலும் தீவைச் சுற்றியுள்ள கடலடித் திட்டின் விளிம்புக்கு, அதாவது ஆழம் சட்டென்று சரியும் இடத்துக்குப் போய்வருகின்றன. அப்புறம் குஞ்சு தனியாக இருக்கப் பழகியதும் இருவரும் ஒரே நேரத்தில் கடலுக்குப் போகலாம். ஒரு குட்டிப் பயணம், ஒரு நீண்ட பயணம் என்று கலந்து போவது அப்போதுதான். குஞ்சு குளிர்காலம் முழுக்கக் கூட்டிலேயே இருந்து நவம்பர், டிசம்பரில்தான் பறக்கும். ஒரு குஞ்சை வளர்க்க ஏறத்தாழ ஒரு வருடம் போய்விடுவதால், வெற்றிகரமாக வளர்த்த ஜோடி அடுத்த பருவத்தை விட்டுவிடும்.

இனத்துக்கு இனம் நாட்காட்டி மாறும். கறுப்புப் புருவ ஆல்பட்ராஸ் அக்டோபரில் முட்டையிட்டு ஏப்ரல் வாக்கில் குஞ்சைக் கடலுக்கு அனுப்பிவிடும். ஹவாய்ப் பக்கம் மிட்வேயில் இருக்கும் லேசான் ஆல்பட்ராஸுக்கு நவம்பரில் தொடங்கி ஜூலையில் முடியும். ஒன்றின் தேதியை இன்னொன்றுக்குப் போட்டால் எல்லாமே தப்பாகிவிடும்.

தரவுக்கு வருவோம். விலங்குகளின் தடங்களைச் சேர்த்து வைக்கும் மூவ்பேங்க் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பல ஆய்வுகளின் தடங்கள் பொதுவில் கிடைக்கும். சிலவற்றுக்கு உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். பறவைப் பாதுகாப்புக்கான பேர்ட்லைஃப் அமைப்பு நடத்தும் கடற்பறவைத் தடத் தொகுப்பிலும் விண்ணப்பித்துக் கேட்கலாம். கேட்கும்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான்கு வரி தெளிவாக எழுதுங்கள். நடுக்கடல் தீவில் மாதக்கணக்கில் கிடந்து சேர்த்த தரவு அது, "அனுப்புங்கள், பார்க்கிறேன்" என்று கேட்டால் பதில் வராது, வரவும் கூடாது. தடத்தோடு கூட்டின் பதிவேட்டையும் கேளுங்கள்: எந்தப் பறவை, ஆணா பெண்ணா, முட்டை என்றைக்கு, பொரித்தது என்றைக்கு, குஞ்சு பிழைத்ததா. இந்தச் சின்ன அட்டவணை இல்லாமல் லட்சம் புள்ளி இருந்தும் பயனில்லை. முக்கியமாக, முட்டை உடைந்துபோன பறவைக்குத் திரும்பி வர வேண்டிய கட்டாயம் கிடையாது. அது ஊரெல்லாம் சுற்றும். அதன் தடம் அடைகாக்கும் பறவைகளின் கூட்டத்தில் கலந்தால் உங்கள் வரைபடம் ஆயிரக்கணக்கான கி.மீ. தேவையில்லாமல் வீங்கிவிடும்.

எந்தக் கருவியில் எடுத்தது என்பதையும் பாருங்கள், ஏனென்றால் புள்ளி என்று ஒன்று திரையில் தெரிந்தாலும் எல்லாப் புள்ளியும் ஒரே தரமில்லை. ஜிபிஎஸ் என்றால் சில மீட்டர் பிழை, கவலையில்லை. ஆர்கோஸ் செயற்கைக்கோள் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தரக்குறி இருக்கும்: 3 என்றால் 250 மீட்டருக்குள், 2 என்றால் 500-க்குள், 1 என்றால் 1,500-க்குள், 0 என்றால் அதற்கும் மேல், ஏ, பி என்றால் பிழையின் அளவே சொல்லப்படவில்லை. ஏ, பி புள்ளிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கி எறியாதீர்கள், கீழே சொல்லும் வேகச் சோதனையில் தேறுபவற்றை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது வகை, காலில் மாட்டும் ஒளிப்பதிவுக் கருவி; கேமரா இல்லை, வெளிச்சத்தின் அளவைப் பதிவது. சூரிய உதயம், மறைவு நேரத்தை வைத்து இடத்தைக் கணக்கிடும், சில கிராம்தான் எடை, வருடக்கணக்கில் ஓடும், ஆனால் பிழை சாதாரணமாக 200 கி.மீ. அளவுக்குப் போகும். பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் வாக்கில் அட்சரேகையே கிடைக்காது. மேலே சொன்ன நாட்காட்டியைத் திரும்பிப் பாருங்கள்: குரோசேயில் குஞ்சு பொரிப்பது சரியாக மார்ச்சில். பறவை தீவை ஒட்டியே சுற்றும் மாதமும் கருவி குருடாகும் மாதமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஒளிப்பதிவுக் கருவியை வைத்துக் காவல் காலத்தைப் பற்றிப் பேசும் ஆசையை விட்டுவிடுங்கள். இனப்பெருக்கம் முடிந்து பறவை மாதக்கணக்கில் திரும்பாத காலத்துக்குத்தான் அது லாயக்கு.

சுத்தம் செய்யும் வேலை சலிப்பானது, ஆனால் பாதித் தவறு இங்கேதான் நுழைகிறது. நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வரிசையாக அடுக்குங்கள், இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். பிறகு இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் வேகத்தையும் கணக்கிடுங்கள். உதாரணத்துக்கு, நானே போட்ட எண்கள்தான்: 10:00 மணிக்குத் தெற்கு 46 டிகிரி, கிழக்கு 52 டிகிரி. 10:30-க்கு அதே அட்சரேகை, கிழக்கு 53 டிகிரி. ஒரு டிகிரி என்றால் 111 கி.மீ. என்று போட்டுவிடாதீர்கள், அந்த அட்சரேகையில் ஒரு தீர்க்கரேகை டிகிரி சுமார் 77 கி.மீ.தான். அரை மணியில் 77 என்றால் மணிக்கு 154. பறவை அப்படிப் போகுமா? சாதாரணமாகப் போகாது. ஆனால் வரம்பைக் குறைத்துப் போட்டு நல்ல புள்ளியையும் கொன்றுவிடாதீர்கள். தென் அட்லாண்டிக்கின் தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து கிளம்பிய ஒரு சாம்பல்தலை ஆல்பட்ராஸ், அண்டார்க்டிக் புயலொன்றில் ஏறிக்கொண்டு எட்டு மணி நேரத்துக்கும் மேல் சராசரியாக மணிக்கு 127 கி.மீ. போனதாகப் பதிவு இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த நேரத்தில் அந்த இடத்தில் அடித்த காற்றைப் பாருங்கள், காற்று பதில் சொல்லிவிடும்.

அடுத்து, பயணம் பயணமாக வெட்டுங்கள். கூட்டிலிருந்து ஐந்து அல்லது பத்து கி.மீ. தாண்டினால் பயணம் தொடங்கியது, திரும்ப உள்ளே வந்தால் முடிந்தது என்று ஒரு விதி வைத்துக்கொண்டு கடைசிவரை அதை மாற்றாதீர்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் கட்டத்தின் பெயரை ஒட்டுங்கள். ஒரு பறவைக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு புள்ளி, இன்னொன்றுக்கு மணிக்கு ஒன்று என்றிருந்தால் எல்லாவற்றையும் ஒரே இடைவெளிக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பேட்டரி நன்றாக இருந்த பறவைதான் வரைபடத்தை ஆளும்.

வரைபடத்தை டிகிரியிலேயே வைத்து அடர்த்தி கணக்கிடுவதும் கூடாது. காலனியை (பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தை) மையமாக வைத்த, பரப்பளவு மாறாத வீழ்ப்புக்கு, அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறைக்கு, மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் இரண்டு நிமிட வேலை. மிட்வே, நியூசிலாந்தின் ஆன்டிபடீஸ், சாத்தம் தீவுகள் என்றால் 180 டிகிரிக் கோடு பக்கத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டும் பறவை ஒரே நொடியில் பூமியைச் சுற்றி வந்ததாகக் கோடு போட்டுவிடும். தீர்க்கரேகையை 0 முதல் 360 வரை என்று மாற்றினால் தீரும்.

இனிதான் சுவாரஸ்யமான இடம். பறவை இருந்த இடம் வேறு, இரை எடுத்த இடம் வேறு. ஆல்பட்ராஸ் சிறகை விரித்துக் காற்றில் மிதக்கும்போது அதன் இதயத்துடிப்பு உட்கார்ந்திருக்கும்போது இருப்பதைவிட அதிகம் ஏறுவதில்லை. செலவெல்லாம் நீரில் இறங்குவதிலும் அங்கிருந்து எழும்புவதிலும்தான். ஆகவே இறங்கியது என்றால் காரணம் இருக்கும், ஆனால் அந்தக் காரணம் எப்போதும் இரையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு இரவை எடுத்து நெருக்கமாகப் பாருங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்: மாலை வரை ஒவ்வொரு புள்ளியும் முந்தையதிலிருந்து பத்து, பன்னிரண்டு கி.மீ. தள்ளி விழுகிறது. இருட்டிய பிறகு நூறு, இருநூறு மீட்டர், திரும்ப நூறு மீட்டர், எல்லாம் ஒரே திசையில். இது தேடல் இல்லை, பறவை தண்ணீரில் உட்கார்ந்து நீரோட்டத்தோடும் காற்றோடும் நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் புள்ளிகளை அப்படியே அடர்த்திக் கணக்கில் சேர்த்தால் தூங்கிய இடமெல்லாம் சாப்பாட்டு இடமாகிவிடும். உட்கார்ந்தபடியே அருகில் வரும் கணவாயைப் பிடிப்பதும் நடக்கும், அதனால் முழுக்க நீக்குவதும் தவறு. பகல், இரவு என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள், சூரியன் இருந்த உயரத்தை அந்தந்தப் புள்ளிக்குத் தனியாகக் கணக்கிட்டு.

பகலில் தேடுவது வேறு மாதிரித் தெரியும். வேகம் குறையும், ஆனால் நிற்காது, தடம் வளைந்து வளைந்து ஒரே பகுதியைச் சுற்றும். இதை அளக்க, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் குறிப்பிட்ட ஆரத்தில் ஒரு வட்டம் போட்டு, அதைக் கடக்கப் பறவை எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்க்கும் முறை பழையது, இன்றும் நன்றாக வேலை செய்கிறது. வேகத்தையும் திரும்பும் கோணத்தையும் வைத்து பயணம், தேடல், ஓய்வு என்று மூன்றாகப் பிரித்துத் தரும் புள்ளியியல் மாதிரிகளுக்கு ஆர் என்ற நிரல்மொழியில் இலவசத் தொகுப்புகள் உண்டு. அவை தரும் விடையை நம்புவதற்கு முன்னால் ஐந்தாறு பயணங்களை நீங்களே கண்ணால் பார்த்துவிடுங்கள். கருவியில் ஈரம் உணரும் பதிவு இருந்தால் அதிர்ஷ்டம், எப்போது நீரில் இறங்கியது என்று நேராகவே தெரிந்துவிடும். வயிற்று வெப்பப் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. குளிர்ந்த மீனோ கணவாயோ உள்ளே போனதும் வெப்பம் சட்டென்று விழுந்து மெல்ல ஏறும்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில், சராசரியாக மணிக்கு 15 முதல் 20 கி.மீ. வேகத்தில், ஏறக்குறைய நேர்கோட்டில், நடுநடுவே குட்டி வளையங்களோடு ஒரு தடம் போனால், கீழே கப்பல் இருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். மீன்பிடிக் கப்பல் கொட்டும் கழிவுக்காகப் பறவை பின்தொடரும். அந்த இடம் கடலின் வளத்தைக் காட்டாது, கப்பலின் வழியைத்தான் காட்டும். தெற்கு இந்தியப் பெருங்கடலின் குரோசே, கெர்கலன், ஆம்ஸ்டர்டாம் தீவுப் பறவைகளுக்குக் கப்பல் ரேடாரை உணரும் கருவி கட்டி, 2020-ல் வெளியிட்ட ஆய்வில், பன்னாட்டு நீர்ப்பரப்பில் பறவைகள் கண்ட கப்பல்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தங்கள் அடையாளச் சமிக்ஞையை அனுப்பாமல் இருந்தன. ஆக, கப்பல் இருப்பிடத் தரவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே கப்பலே இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது. (ஆம்ஸ்டர்டாம் தீவு எங்கே என்று கேட்பவர்களுக்கு: கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்கே கோடு இழுத்துக்கொண்டே போங்கள், ஐயாயிரம் கி.மீ.க்குக் கொஞ்சம் மேல் போனதும் ஏறக்குறைய அந்தத் தீவின் மேலேயே முட்டும்.)

தேடிய இடங்கள் கிடைத்துவிட்டன, இனி அடியில் கடலை விரியுங்கள். ஆழத்துக்கு ஜெப்கோ என்ற கடலடி வரைபடம், கடல் வெப்பத்துக்கும் பச்சையத்துக்கும் செயற்கைக்கோள் படங்கள், காற்றுக்கு ஈஆர்ஏ5 என்ற வானிலைத் தரவு, எல்லாம் இலவசம். முதலில் ஆழம். அது நாளுக்கு நாள் மாறாது என்பதால் தவறு செய்யும் வாய்ப்பு குறைவு. கெர்கலனின் கறுப்புப் புருவப் பறவைகள் திட்டின் மேலும் அதன் விளிம்பிலும் ஒட்டிக்கொண்டிருப்பது ஆழ வரைபடத்தை விரித்த உடனே தெரியும். பச்சையத்தில் நிதானம் வேண்டும். நீர் பச்சையாகி, அதைத் தின்னும் சிற்றுயிர் பெருகி, அதைத் தின்னும் கணவாய் வந்து சேர வாரங்கள் ஆகும், அதற்குள் நீரே நகர்ந்துவிடும். அதே நாள் படத்தோடு ஒப்பிட்டு "தொடர்பு இல்லை" என்று எழுதிவிடுவது அவசரம்.

காற்றை விட்டுவிட்டால் பாதிக் கதை போய்விடும். தென்கடலில் வாண்டரிங் ஆல்பட்ராஸ் காற்றை முதுகிலோ பக்கவாட்டிலோ வாங்கிக்கொண்டுதான் போகும். குரோசேயிலிருந்து வடக்கே போகும் தடங்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வளையமாகவும், தெற்கே போவது கடிகாரத் திசையிலும் இருப்பதற்கு அதுதான் காரணம். அதனால் பறவை ஒரு இடத்தைக் கடந்தது என்றால் அதை விரும்பித் தேர்ந்தெடுத்தது என்று அர்த்தமில்லை. வீட்டுக்கு வரும் காற்று அந்த வழியாக அடித்தது, அவ்வளவுதான்.

அடர்த்தி வரைபடம் போடும்போது வழக்கம் 50 சதவீதக் கோடு (பறவை இருந்த நேரத்தில் பாதி அடங்கும் எல்லை) மையப் பகுதி, 95 சதவீதக் கோடு மொத்தப் பரப்பு. முதலில் பறவைக்குப் பறவை தனியாகப் போட்டு, பிறகு சம எடையில் சேருங்கள். இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. எந்தப் பறவையும் கூட்டிலிருந்து கிளம்பிக் கூட்டுக்கே வருவதால், எதுவும் தேர்ந்தெடுக்காமல் போனாலும் கூட்டைச் சுற்றி அடர்த்தி கூடித்தான் தெரியும். காவல் காலத்து வரைபடத்தில் தீவைச் சுற்றிய சிவப்பு வட்டத்தைக் காட்டி "இதோ முக்கியமான இரைக்களம்" என்பவர்கள் பல சமயம் காட்டுவது கூட்டின் நிழலைத்தான். சோதிக்க எளிய வழி: ஒவ்வொரு பயணத்தையும் அப்படியே காலனியை அச்சாக வைத்து ஏதோ ஒரு கோணத்துக்குத் திருப்புங்கள், ஆயிரம் தடவை திருப்பி ஆயிரம் போலிப் பயணங்களை உண்டாக்குங்கள். அசல் தடங்கள் திட்டின் விளிம்பைத் தொட்ட அளவுக்குப் போலிகளும் தொட்டால் உங்கள் கண்டுபிடிப்பு காலி. அசல் தெளிவாக அதிகம் தொட்டால் தைரியமாகச் சொல்லுங்கள்.

உங்கள் வழிமுறை சரியா என்று பார்க்க, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு இடத்தில் ஓட்டிப் பாருங்கள். கலாபகஸில் எஸ்பஞோலா தீவின் வேவ்டு ஆல்பட்ராஸ் இதற்கு அருமையானது. அடைகாக்கும்போதும் வளர்ந்த குஞ்சுக்கு ஊட்டும்போதும் ஆயிரம் கி.மீ. தாண்டிப் பெரு நாட்டுக் கரையோரம், அடிநீர் மேலெழும் குளிர்ந்த கடலுக்குப் போகும். பிஞ்சுக் குஞ்சைக் காக்கும் நாட்களில் தீவுகளைச் சுற்றியே இருந்துவிடும். ஹவாயில் இன்னொரு நல்ல சோதனை. அடுத்தடுத்துக் கூடு கட்டும் இரண்டு இனங்களில், குஞ்சு சற்று வளர்ந்ததும் லேசான் வடக்கே குளிர்ந்த நீருக்குப் போகும், கறுங்கால் ஆல்பட்ராஸ் கலிஃபோர்னியக் கரையோர நீரோட்டம் வரை போகும். குஞ்சு பிஞ்சாக இருக்கும்போது இரண்டுமே இரை குறைவான வெதுவெதுப்பான நீரில், பக்கத்திலேயே சமாளிக்கும். உங்கள் நிரல் இந்த வேறுபாட்டைக் காட்டாவிட்டால் கட்டங்களைப் பிரித்த இடத்தில்தான் கோளாறு இருக்கும், முதலில் அங்கே தேடுங்கள்.

ஆண், பெண் பிரிப்பதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், குரோசேயில் ஆண்கள் தெற்கே குளிர்க்கடல் பக்கமும், பெண்கள் வடக்கே வெப்பமான நீர்ப் பக்கமும் அதிகம் போகின்றன. சூரை மீனுக்கு ஆயிரங்கால் தூண்டில் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கொக்கிகள்) போடும் கப்பல்கள் இருப்பது அந்த வடக்கில்தான். தூண்டில் இரையைக் கொத்தி மூழ்கிச் சாவதில் பெண்களின் பங்கு கூடுவதற்கு அது காரணம். இரண்டையும் கலந்த வரைபடத்தில் இந்த ஆபத்து மங்கிப்போகும். ஆண்டையும் கலக்காதீர்கள். தென்கடலில் காற்று பலமாகிக்கொண்டு வந்ததில் குரோசேப் பறவைகளின் பயண நாட்கள் சுருங்கி, உடல் எடை ஒரு கிலோ அளவுக்குக் கூடியதாக 2012-ல் வைமர்ஸ்கிர்ச் குழு காட்டியது. 1990-களின் தடத்தையும் நேற்றைய தடத்தையும் ஒன்றாகப் போட்டால் எந்தக் காலத்துக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கிடைக்கும்.

கடைசியாக வரைபடத்தின் அடியில் எழுத வேண்டியவை: எந்தத் தீவு, எந்த இனம், எந்த ஆண்டு, எந்தக் கட்டம், ஆண் எத்தனை பெண் எத்தனை, எந்தக் கருவி, எத்தனை நிமிடத்துக்கு ஒரு புள்ளி, வேக வரம்பு எவ்வளவு வைத்தீர்கள், இரவுப் புள்ளிகளை என்ன செய்தீர்கள். தரவு தந்தவரின் பெயரும், அவர் கேட்ட வாசகத்திலேயே. மீன்வளத் துறைக்கோ பாதுகாப்பு அமைப்புக்கோ கொடுப்பதாக இருந்தால் பருவம் முழுக்க ஒரே படமாகத் தராமல் மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுங்கள், எந்த மாதம் எங்கே கப்பல்களைக் கட்டுப்படுத்துவது என்று அவர்கள் பார்க்க முடியும்.